மார்த்தவம் கவர்ந்த படலம்

வற்றல் மிளகாயின் தனிப்பெருங் காவலரும், விளாத்திகுளத்துக் கரிசல் ஈன்று ராயபுரத்து உப்புக்காற்று வளர்த்த உரவோரும், நூற்றுப்பதினாறு மூட்டைச் சம்பா வற்றலின் நடுவே கால்மேல் கால் போட்டு அமர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு தும்மலும் அறியாத நெடுநாசியரும், தராசு முள் நடுங்கினும் தாம் நடுங்காதவரும், வாரந்தோறும் தமிழைக் கட்டங்கட்டமாகச் சிறைப்பிடித்து அஞ்சலில் அனுப்பிவைக்கும் அயராச் சேனாபதியுமாகிய சுயம்பு அண்ணாச்சி வாழ்க. அவர் குடை வாழ்க. கம்பி ஒன்று ஒடிந்த குடையாயினும் வாழ்க. அவர் வலக்காதில் செருகிய பென்சில் வாழ்க.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டு, ஆனி மாதத்து வியாழக்கிழமையொன்றில், பிற்பகல் மூன்று மணி அடித்துச் சில நிமிடங்கள் சென்றபோது, இம்மாவீரர் தம் மண்டியை விட்டுப் போர்மேற் சென்றதும், அங்கே பட்ட பாடும், ஈற்றில் பெற்ற பேறும் இங்கே சொல்லப்படும். கேட்போர் நிமிர்ந்து உட்கார்க. படுத்துக் கேட்போர் தம் தலைக்கு அடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்க.

போருக்குக் காரணம் பெண்ணும் அல்ல, மண்ணும் அல்ல, ஒரு சொல். அந்நாளில் சென்னை மாநகரைக் குறுக்கெழுத்து என்னும் பெருநோய் பிடித்திருந்தது. டிராம் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "மூணெழுத்து, பறவை, கடைசியில ல்" என்பார். ஏறுகிறவர் குயில் என்பார். இறங்குகிறவர் மயில் என்பார். இருவருக்கும் நடுவே டிராம் நின்றுவிடும். வாரப் பத்திரிகைகள் பரிசுகளை அள்ளி வீசின. அவற்றுள் ஒன்று அம்மாதம் அறிவித்த பரிசு ஒரு தையல் மெஷின்: காலால் மிதிப்பது, கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூ வரைந்தது, மரமூடி போட்டது. அதன் படத்தை நம் வீரர் மண்டிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். அவருடைய இல்லாள் ஜெயக்கொடி அம்மாள், மண்டிக்குப் பின்கட்டிலிருந்து முன்கட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முன் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனாள்.

எழுபத்துமூன்று முறை படையெடுத்து எழுபத்துமூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியவர் சுயம்பு. எழுபத்துநான்காம் முறைக்கு முன் பின்கட்டிலிருந்து ஓர் ஆணை பிறந்தது.

"இந்த ஒரு தடவை," என்றாள் ஜெயக்கொடி. "மெஷின் வந்துச்சுன்னா நீங்க ஆயுசுக்கும் கட்டம் போடுங்க, நானே ஸ்டாம்பு ஒட்டித் தாரேன். வரலைன்னா இந்தப் புஸ்தகம் அம்புட்டும் வத்தல் பொட்டலம் மடிக்கப் போயிரணும். அதுக்கப்புறம் காதுல பென்சிலப் பாத்தேன், ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்."

பகைவர் ஆயிரம் பேர் வந்து முன்னும் பின்னுமாகச் சூழ்ந்தாலும் கலங்காத நெஞ்சு, அடுப்பு என்ற சொல்லில் கலங்கியது. சுயம்பு மூன்று வாரம் உண்ணும்போதும் கட்டம், உறங்கும்போதும் கட்டம் என்று கிடந்தார். முப்பத்தொரு சொற்களில் முப்பது வீழ்ந்தன. வீழாமல் நின்றது ஒன்றே ஒன்று. இடமிருந்து வலம், பதினேழு: "மென்மை, பண்டைய வழக்கு." கட்டங்கள் ஆறு. முதற்கட்டத்தில் மேலிருந்து இறங்கிய சொல் ஒன்று 'மா'வை வைத்துவிட்டுப் போயிருந்தது. நான்காம் கட்டத்தில் 'த' இருந்தது. நடுவிலும் கடையிலும் வெண்மை.

"மாவுருண்டைன்னு போடுங்களேன்," என்றாள் ஜெயக்கொடி. "அதைவிட மெத்துன்னு என்ன இருக்கு?"

சுயம்பு விரல்விட்டு எண்ணினார். ஒரு கட்டம் மிஞ்சியது. 'த'வும் உதைத்தது.

வியாழன் மாலை நாலரை மணிக்கு ரஷீது என்னும் தபால்காரர் மண்டித் தெரு முனையில் நிற்கும் சிவப்புப் பெட்டியைத் திறந்து எடுத்துப்போவார். அந்த எடுப்பில் போனால்தான், கட்டம் நிரப்பித் தபால் கார்டில் ஒட்டிய கூப்பன் வெள்ளிக்கிழமை பத்திரிகை ஆபீஸைச் சேரும். வெள்ளிக்குப் பின் வந்தது குப்பைக்கூடையைச் சேரும் என்று விதிகளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆகவே மூன்று மணிக்குச் சுயம்பு எழுந்தார். தோளில் துண்டு, சட்டைப்பையில் கூப்பன், கையில் குடை. பின்கட்டு வாசலில் நின்று, வானமும் வற்றல் மூட்டைகளும் கேட்க, வஞ்சினம் உரைத்தார்:

"நாலரை அடிக்கிறதுக்குள்ள அந்தக் கட்டம் நிரம்பும். நிரம்பலைன்னா இந்தக் காதுல பென்சில் இருக்காது."

"வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க," என்றது உள்ளிருந்து வந்த குரல்.

ராயபுரத்தில் அன்று தமிழ் அகராதி என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். அது மீன்காரத் தெருக்களின் கோடியில், மணலைத் தொட்டாற்போல் நின்ற கடலோர வாலிபர் வாசகசாலையில் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் நான்கு பாகங்களாகக் கொடுப்பதாக வாக்களித்த அகராதி. முதற்பாகத்தைக் கரையான் கற்றுக் கரைகண்டது. இரண்டாம் பாகத்தை இரவல் வாங்கியவர் அதனோடு ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார். நான்காம் பாகம் வரவே இல்லை. எஞ்சி நின்றது மூன்றாம் பாகம், பகரம் தொடங்கி மகரம் முடிய, நான்கு விரற்கடை கனம், காலிகோ அட்டை. சுயம்பு தேடிய சொல் மகரத்தில் தொடங்கியது. விதி தம் பக்கம் இருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டே நடந்தார். விதி அப்போது படுத்திருந்தது.

அது படுத்திருந்த பலகை வாசகசாலையின் கிழக்குச் சன்னலை ஒட்டியது. அதன்மேல், கட்டுமரம் ஒன்றைக் கரையேற்றி வைத்தாற்போல் நீண்டு, மார்பு மலையாகவும் மூச்சு அலையாகவும், வாய் திறந்த குகையாகவும் கிடந்தார் தண்டபாணி. இரவெல்லாம் கடலில் வலை வலித்துவிட்டு, விடிந்து கரையேறி, மீனை இறக்கி, பழையது உண்டு, வெயில் ஏறும் நேரத்தில் இங்கே வந்து உறங்குவது அவர் வழக்கம். அவர் குடிசையின் தகரக் கூரை பகலில் தோசைக்கல். இங்கேயோ கடற்காற்று சன்னல் வழியே கேட்காமலே விசிறும். தலைக்கு உயரமாக ஏதாவது வேண்டும். நான்கு விரற்கடை அவர் கழுத்துக்குப் படைத்த அளவு. பகரம் முதல் மகரம் வரையுள்ள தமிழ்ச் சொற்கள் அனைத்தின்மீதும் அந்தத் தலை, எண்ணெய் தேய்த்த பாறைபோல் அமர்ந்திருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடலிலிருந்து வந்தவன் உறக்கத்தைக் கலைக்கக் கூடாது என்பது அக்குப்பத்தின் சட்டம். வீடு தீப்பற்றினால் கட்டிலோடு தூக்கி வெளியே வைப்பார்கள், எழுப்பமாட்டார்கள். மணமகனே அசந்துவிட்டான் என்று முகூர்த்தத்தை மாற்றி வைத்த குடும்பம் அத்தெருவில் உண்டு. இச்சட்டத்தின் வாயிற்காவலாக வாசற்படியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள் தண்டபாணியின் மனைவி பவுனம்மாள். காலையில் விற்று மீந்த மீனை விற்பதும் கணவர் உறக்கத்தைக் காப்பதும் அவளுக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள். மீன் கழுவும் அண்டா ஒன்று சன்னலுக்கு வெளியே அவள் பக்கத்தில் இருந்தது.

"இன்னா அண்ணாச்சி, மொளகா விக்கிறவருக்கு மீன்கூடையாண்ட இன்னா வேலை?"

"ஒரு புஸ்தகம் பாக்கணும் தாயி."

"பாரு. உன்ன யாரு வேணான்னது? எந்தப் புஸ்தகம்?"

சுயம்பு குடையால் சுட்டினார்.

"அது புஸ்தகம் இல்ல. எங்க ஆளு தலகாணி."

"அவரு தலைய லேசாத் தூக்கினா..."

"தூக்கு. தலையத் தூக்கு, காலத் தூக்கு, வேணும்னா பலகையோட தூக்கினு போ. கண்ணு மட்டும் தொறந்துச்சு, இந்தக் கெளுத்தி மீன முள்ளோட உன் வாயில வுட்டுத் திருப்புவேன். ராவெல்லாம் தண்ணில கெடந்து வந்த மனுசன்."

இவ்வாறு போரின் விதிகள் வகுக்கப்பட்டன. மென்மை என்பதன் பொருளைக் கொண்ட நூலை, அதன்மேல் கிடக்கும் மலையை அசைக்காமல், முற்றிலும் மென்மையாகக் கவரவேண்டும். பேரரசர்கள் கோட்டைகளை எரித்துப் பிடித்திருக்கிறார்கள். கோட்டைக்குள் இருப்பவன் கொட்டாவிகூட விடாமல் கோட்டையைப் பிடி என்றால் எத்தனை பேர் தேறுவார்கள்?

முதற்போர் துண்டால் நடந்தது. சுயம்பு தம் தோள்துண்டை எட்டாக மடித்தார். முழந்தாளிட்டார். இடக்கையால் துண்டைத் தண்டபாணியின் பிடரிக்கு அருகே நகர்த்தி, வலக்கையின் இரு விரலால் அகராதியின் முதுகைப் பற்றி, குறட்டை உள்ளே போகும்போது நிறுத்தி, வெளியே வரும்போது இழுத்து, நெல் அளவு, பிறகு நெல் அளவு, பிறகு மீண்டும் நெல் அளவு என்று அவர் முன்னேறிய நுட்பத்தைக் கண்டு சன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை தலையைச் சாய்த்தது. ஒரு விரற்கடை நூல் வெளியே வந்தது. எட்டு மடிப்புத் துண்டு நான்கு விரற்கடைக்கு ஈடாகாது என்பதை மலை உணர்ந்தது. தலை சரிந்தது. உறங்கியவாறே தண்டபாணியின் கை எழுந்து, அகராதியை இறுகப் பற்றியது.

"வலி, வலி," என்றார் கனவிலிருந்து. "வுட்டுடாத."

அவர் ஏதோ நடுக்கடலில் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். கனவின் வலுவோடு அவர் இழுத்ததில் ஒரு விரற்கடை வெளியே வந்த நூல் இரண்டு விரற்கடை உள்ளே போனது. கூடவே சுயம்புவின் துண்டும் போனது.

வாசலில் பவுனம்மாள் கெளுத்தியைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

மணி மூன்றே முக்கால். பக்கத்து மில்லில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. தண்டபாணி அசையவில்லை. சங்குக்கு எழாதவர் துண்டுக்கு எழுவாரோ என்று சந்தேகம் வந்தது சுயம்புவுக்கு. ஆனால் கெளுத்தியைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இல்லை. அவர் பின்வாங்கினார். தோற்றுப் பின்வாங்கவில்லை. தலைக்கு ஈடாக வேறு தலையணை தேடும் தளபதியாகப் பின்வாங்கினார்.

தெருவில் நடந்தபடியே ஆராய்ந்தார். வீட்டுத் தலையணையை எடுக்கப் போனால் ஜெயக்கொடி எதற்கு என்று கேட்பாள். பதில் சொல்லி முடிக்கச் சனிக்கிழமை ஆகும். மண்டியில் இருப்பதோ வற்றல் ஒன்றே. புது வற்றல் ஆகாது. பாம்பு சருகில் ஊர்ந்தாற்போல் சலசலக்கும். ஆனால் ராயபுரத்துக் கடற்காற்றில் இரண்டு மாதம் நமுத்துப்போன சம்பா வற்றல் இருக்கிறதே, அது பஞ்சைவிடப் பதமாக அமுங்கும், தலையின் வடிவை வாங்கிக்கொள்ளும், ஒரு முனகலும் செய்யாது. உலகில் உள்ள பொருள்களுள் மிகமிக மென்மையானது எது என்று அந்த வேளையில் யார் கேட்டிருந்தாலும் சுயம்பு சற்றும் தயங்காமல் நமுத்த சம்பா என்று சொல்லியிருப்பார். இருபத்திரண்டு ஆண்டு மிளகாய் நடுவே வாழ்ந்தவருக்கு அதில் வேறு குணம் ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், சிறு சாக்குப்பை ஒன்றைப் பச்சைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு, வீரர் மீண்டும் களம் புகுந்தார். பவுனம்மாள் பையைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். ஒரு வாடிக்கைக்காரி வந்து காரப்பொடி மீனுக்குப் பேரம் தொடங்கவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உலக வரலாற்றில் எத்தனையோ கோட்டைகள் இப்படித்தான் விழுந்தன.

இரண்டாம் போரைச் சொல்லும்போது என் மூச்சும் தானே மெதுவாகிறது. பையின் ஓரத்தை நூலின் ஓரத்தோடு சேர்த்து, பை ஒரு நெல் புக, நூல் ஒரு நெல் வர, வந்த நூலின் இடத்தைப் பை நிரப்ப, நிரம்பிய பையின்மீது தலை ஒரு மயிரிழையும் தாழாது அமர, நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியும் இமைக்காமல், முழந்தாளில் பலகைச் சிராய் ஏறியும் முகம் சுளிக்காமல், கனவில் வலை வலிக்கும் கையின் விரல்களை ஒவ்வொன்றாக, சுண்டுவிரல் தொடங்கிக் கட்டைவிரல் ஈறாக, தாய் தன் சிசுவின் விரலை விடுவிப்பதுபோல் விடுவித்து, அவ்விரல்களுக்குள் சாக்கின் மூலையைத் திணித்து, தண்டபாணி அதையே வலையென்று பற்றி நிறைவோடு பெருமூச்சுவிட, பகரமும் மகரமும் தம் சொற்படை அனைத்தோடும் சுயம்புவின் மடியில் வந்து இறங்கின.

வென்றார். தூங்குகிறவர் தூங்கினார். காக்கை பறந்து போயிற்று. தரையில் சம்மணமிட்டு ஏடு புரட்டினார் வீரர். மகரம் வந்தது. மாகாரம் வந்தது. மாங்காய் போயிற்று, மாடு போயிற்று, மாதம் போயிற்று, மாமன் போயிற்று, மார்கழி என்று ஓரிடத்தில் கண் நின்றது. அடுத்த ஏட்டைத் திருப்ப நாவில் விரல் தொட்டார்.

அந்தக் கணத்தில் மலை மூச்சை உள்ளே இழுத்தது.

கடல் உள்வாங்கினால் பின்னால் என்ன வரும் என்று கரையில் இருப்போர் அறிவர். தண்டபாணி இழுத்த மூச்சு நீண்டது, இன்னும் நீண்டது, மார்பு கூரையை நோக்கி எழுந்தது, பிறகு அண்டம் ஒரு நொடி சும்மா இருந்தது. அதன்பின் வெடித்த தும்மலில் சன்னல் கதவு இரண்டும் சாத்தித் திறந்தன. வாசகசாலையின் மேசைமேல் கிடந்த தினத்தாள்கள் நான்கும் ஒன்றாய் எழுந்து பறந்தன. இரண்டாம் தும்மலில் தண்டபாணி எழுந்து உட்கார்ந்தார். மூன்றாம் தும்மலில் அவர் கால் சுழன்று வீரரின் மடியைத் தாக்க, அகராதி என்னும் பெரும்பறவை இரு சிறகு விரித்து, கிழக்குச் சன்னலைக் கடந்து, பவுனம்மாளின் மீன் கழுவும் அண்டாவுக்குள் ஒரே பாய்ச்சலில் இறங்கி மறைந்தது.

பவுனம்மாள் கெளுத்தியோடு உள்ளே பாய்ந்தாள். பாய்ந்தவள் வாசலிலேயே தும்மினாள். வாடிக்கைக்காரி தும்மினாள். தெருவில் போன ரிக்‌ஷாக்காரர் தும்மி வண்டியைச் சாய்த்தார். ஓலமும் தும்மலும் கண்ணீருமாகக் களம் கலங்கியது. நடுவே ஒருவர் மட்டும் தெளிந்த கண்ணும் திறந்த மூக்குமாக நின்று, இவர்களுக்கெல்லாம் திடீரென்று என்ன வந்தது என்று உண்மையாகவே வியந்தார்.

மணி நாலு பத்து. நூல் அண்டாவில் ஊறியது. பவுனம்மாளால் கெளுத்தியைக் குறிபார்க்க முடியவில்லை. ஓங்கும்போதெல்லாம் தும்மல் வந்தது. தண்டபாணி சிவந்த கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எதிரில் நின்றவரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி."

"சொல்லுங்க."

"தலைக்கு அடில இன்னா வெச்ச?"

"சம்பா வத்தல்," என்றார் சுயம்பு. "முதல் தரம்."

தண்டபாணி இன்னொருமுறை தும்மினார். அது சின்னத் தும்மல். யோசனையுள்ள தும்மல்.

"இன்னாத்துக்கு?"

பொய் சொல்ல வீரருக்கு நேரம் இல்லை. சட்டைப்பையிலிருந்து கூப்பனை எடுத்து நீட்டினார். அதன் ஓரம் வியர்வையில் நனைந்திருந்தது. "ஒரே ஒரு சொல்லு பாக்கி. மென்மைக்குப் பழைய சொல்லு. மாவுல ஆரம்பிக்குது, ஆறு எழுத்து. நாலரை எடுப்புல போகணும். உங்க தலைக்கு அடியிலதான் இருந்துச்சு. எழுப்பக் கூடாதுன்னாங்க. அதான் மெதுவா எடுக்கலாம்னு."

"மார்," என்றார் தண்டபாணி. தும்மினார். "த்தவம்."

"என்னது?"

"மார்த்தவம். மா, ர், த், த, வ, ம். எண்ணிக்கோ. நான் செவ்வாக்கெழமையே போட்டு அனுப்சிட்டேன்."

சுயம்புவின் வாய் திறந்தது. எழுபத்துமூன்று படையெடுப்பில் கண்ட எந்தத் தோல்வியும் அவரை இவ்வளவு அசைத்ததில்லை. "நீங்களும் போடுறீங்களா?"

"பின்ன? சும்மாவா அந்தப் பொஸ்தகத்து மேல படுக்குறேன்? ஒரு பக்கம் படிப்பேன், கண்ணு சொருகும், அப்பிடியே தலைக்கு வெச்சுக்குவேன். மூணு வருசமாச்சு. மகரத்துல பாதி தாண்டிட்டேன்."

"ஏய்யா," என்றாள் பவுனம்மாள் மூக்கைத் துடைத்தபடி, "நீயும் மெசினுக்குப் போட்டுகினு, போட்டிக்காரன்கிட்டயே விடையச் சொல்லுவியா? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்பூட்சா?"

"கேட்டாரு, சொன்னேன். மார்க்கெட்டுல கேட்டாங்க, சொன்னேன். வலை பின்றவங்க கேட்டாங்க. கோயில் மணி அடிக்கிறவர் கேட்டாரு. டேசன்ல பார்சல் தூக்கறவங்க மொத்தமா வந்து கேட்டாங்க. வார்த்த இன்னா நெத்திலியா, எடுத்துக் குடுத்தா கூடை காலியாவ?"

சுயம்பு காதிலிருந்து பென்சிலை உருவினார். பலகைமேல் குனிந்து ஆறு கட்டத்தையும் நிரப்பினார். 'த' நான்காம் கட்டத்தில், பிறந்த வீட்டுக்கு வந்த பெண்போல் பொருந்தி உட்கார்ந்தது. மணி நாலு பதினெட்டு. அவர் குடையை எடுத்தார். ஒரு கால் வாசலுக்கு வெளியே போயிற்று.

அங்கே தொடங்கியது மூன்றாம் போர். முன்னிரண்டைக் காட்டிலும் கொடியது. விடை கொடுத்தவர் விளக்கமும் கொடுக்க விரும்பினார்.

"எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா அந்த வார்த்த?" என்றார் தண்டபாணி, இடுப்பைப் பலகையில் சாய்த்து.

ஓடுவதா, நிற்பதா? உறக்கம் கெட்டவர், மூக்கு எரிந்தவர், போட்டியில் எதிரியாய் இருந்தும் சொல்லை ஈந்தவர். அவர் பேச்சுக்கு முதுகு காட்டி ஓடினால், கூப்பனில் எழுதியிருக்கும் அந்தச் சொல் தம்மைப் பற்றி என்ன நினைக்கும்? சுயம்பு வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார். தொலைவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்தது. அவர் நெஞ்சு அதைப் பின்தொடர்ந்து ஓட, உடம்பு மட்டும் மரியாதையாக நின்றது.

"மிருதுன்னு சொல்றோம் இல்ல? அந்த மிருதுவோட குணம்தான் மார்த்தவம். வடமொழி. சரி, அந்த மிருதுக்கு அடில இன்னா கீது? மிருத்னு ஒண்ணு கீது. அதுக்கு அர்த்தம் இன்னா? நசுக்கு. பிசை. போட்டு மிதி. மர்த்தனம்னு சொல்றாங்களே, சாமி அரக்கன மிதிக்கறது, அதுவும் அந்த வூட்டுப் புள்ளதான். அப்பிடித்தான் போட்டுகீது பொஸ்தகத்துல. மெத்துனு இருக்கறதுக்கும் மொத்துறதுக்கும் ஒரே தாய்வூடு அண்ணாச்சி. நானும் மொதல்ல அச்சுத் தப்புனுதான் நெனச்சேன்."

"அப்படியா," என்றார் சுயம்பு. நாலு இருபத்து மூன்று.

"ஒரு நா பூரா யோசிச்சேன். அப்பால புதுக் கயிற எடுத்து அடிச்சுகினு இருந்தேன். புதுசா வாங்குன கயிறு கைய அறுக்கும், கட்டைல போட்டு அடி அடின்னு அடிச்சாத்தான் மெத்துனு வழிக்கு வரும். அடிச்சுகினே இருக்கும்போது வெளங்கிச்சு. யாரோ ஒருத்தன் எந்தக் காலத்துலயோ ஒண்ண அடிச்சு, அடிச்சு, தொட்டுப் பாத்துட்டு வெச்ச பேரு அது."

"நல்லா இருக்கு," என்றார் சுயம்பு. அவர் கண் கலங்கியிருந்தது. மிளகாயால் அல்ல. நாலு இருபத்தைந்து.

"போ போ, ஜல்தியாப் போ. ரஷீது பாய் இருக்கமாட்டாரு."

சுயம்பு ஓடினார். எப்படி ஓடினார் என்று சொல்ல எனக்கு வாய் ஆயிரம் இல்லை. இருக்கும் ஒன்றால் சொல்கிறேன். குடை ஒருபுறம் விரிய, வேட்டி மறுபுறம் விரிய, காய்ந்துகொண்டிருந்த வலைகளைத் தாண்டி, கருவாட்டுப் பாய்களைச் சுற்றி, டிராம் தண்டவாளத்தில் தடுக்கி விழாமல் தப்பி, "அண்ணாச்சி, தீயா?" என்று கேட்டவருக்கெல்லாம் கூப்பனை உயர்த்திக் காட்டி, அவர் தெரு முனையை அடைந்தபோது ரஷீது பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துவிட்டிருந்தார்.

"பாய்," என்றார் சுயம்பு. அதற்குமேல் மூச்சு இல்லை.

ரஷீது கடிகாரத்தைப் பார்த்தார். நாலு முப்பத்து ஒன்று. மூச்சிரைத்து நின்றவரைப் பார்த்தார். நாற்பது ஆண்டு அரசாங்க உத்தியோகத்தின் முழுக் கடுமையும் அவர் புருவத்தில் ஏறியது. பிறகு பையின் வாயைக் கொஞ்சம் விரித்துப் பிடித்தார். கூப்பன் உள்ளே விழுந்தது. சைக்கிள் போனது. போகும் வழியெல்லாம் ரஷீது தும்மிக்கொண்டே போனார்.

சொல் உரிய இடத்தைச் சேர்ந்தது. மார்த்தவமே பதினேழாவது விடை என்பதும், முப்பத்தொரு சொற்களும் முற்றும் சரி என்பதும், ஆவணி முதல் வாரத்து இதழில் அச்சேறின. மண்டிச் சுவரில் மெஷின் படத்துக்குக் கீழே ஜெயக்கொடி அம்மாள் சந்தனப் பொட்டு வைத்தாள். மெஷின் வைக்கச் சன்னலோரத்து மூட்டைகள் ஆறை இடம் மாற்றினாள். தெருவில் நால்வரிடம் ரவிக்கைத் துணி கொண்டுவரச் சொல்லிவைத்தாள். தண்டபாணியும் பவுனம்மாளும் வந்து வாழ்த்தினார்கள், அவர்களும் வென்றிருந்தார்கள், இரு வீடுகளும் ஒரு மெஷினை எப்படிப் பங்கிடுவது என்று பெருந்தன்மை மேலோங்க அரைநாள் விவாதித்து, ஆறு மாதம் கடற்கரை, ஆறு மாதம் மண்டி என்று உடன்படிக்கை செய்துகொண்டன. அதே இதழின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், கற்றறிந்த ஆசிரியர் குழு இன்னொன்றும் விளம்பியிருந்தது: இம்முறை நேயர்களின் தமிழறிவு கரைபுரண்டு ஓடியதென்றும், முற்றும் சரியான விடை விடுத்தோர் ஈராயிரத்து நானூற்று அறுபத்தொருவர் என்றும், அவருள் ராயபுரத்தார் மட்டுமே அறுநூற்று முப்பதின்மர் என்றும், விதி எண் பதினொன்றின்படி பரிசானது வென்றோர் அனைவர்க்கும் பாரபட்சமின்றிச் சமமாகப் பகிர்ந்தளிக்கப்படும் என்றும்.

மறுவாரம் தபாலில் ஒரு பாக்கெட் ஊசி வந்தது.